எச்.ஐ.வி. வந்திருக்குமோ? நம்பிக்கை மையத்தில் அடிக்கடி கேட்கப்பட்ட கேள்விகள்

அரசு ஆஸ்பத்திரிகளில் புறநோயாளிகள் பிரிவுக்குப் பக்கத்தில் ‘நம்பிக்கை மையம்’ என்று ஒரு போர்டு தொங்கும். எச்.ஐ.வி. பரிசோதனை செய்கிற இடம். ஐ.சி.டி.சி. என்றும் சொல்வார்கள். அப்படியொரு மையத்தில் பல வருடம் ஆலோசனை சொல்லும் கவுன்சிலராக இருந்தேன். (வார்டு கவுன்சிலர் என்று நினைத்துக்கொண்டு தெருவிளக்கு எரியவில்லை என்று மனு கொண்டுவந்தவர்களும் உண்டு.) உள்ளே வருகிறவர்களில் பாதிப் பேர் “என் ஃபிரண்டுக்கு ஒரு சந்தேகம் மேடம்” என்றுதான் ஆரம்பிப்பார்கள். அந்த நண்பர்கள் எல்லோரும் கேட்டதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

நேற்று ராத்திரி காண்டம் இல்லாமல் உறவு நடந்துவிட்டது. இப்போதே ஏதாவது செய்ய முடியுமா?

முடியும். ஆனால் கடிகாரத்தைப் பாருங்கள். உறவு நடந்து 72 மணி நேரம் ஆகவில்லை என்றால் ‘பெப்’ என்ற தடுப்பு மருந்து இருக்கிறது. கிருமி உடம்புக்குள் போயிருந்தாலும் வேர் பிடிக்கும் முன்பே அதைத் தடுக்கிற மருந்து இது. முதல் சில மணி நேரத்திலேயே தொடங்கினால் பலன் அதிகம். ஒவ்வொரு மணி நேரம் தள்ளும்போதும் பலன் குறையும். 72 மணி நேரத்துக்குப் பிறகு கொடுப்பதில்லை. அதனால் ‘திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம்’ என்ற பேச்சு இதில் கூடாது.

டெனோஃபோவிர், லாமிவுடின், டொலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரையைத்தான் இப்போது பெரும்பாலும் கொடுக்கிறார்கள். தினம் ஒன்று, 28 நாள். குமட்டல், தலைவலி, தூக்கம் கெடுவது போன்றவை சிலருக்கு வரும். அதற்காக நடுவில் நிறுத்தினால் எடுத்ததெல்லாம் வீண். தொடங்கும் முன் எச்.ஐ.வி. டெஸ்ட் ஒன்று எடுப்பார்கள், ஏற்கெனவே இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள. கிட்னி எப்படி இருக்கிறது, மஞ்சள் காமாலை பி கிருமி இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். காரணம், இந்த மாத்திரையில் உள்ள இரண்டு மருந்துகள் அந்தக் கிருமி மீதும் வேலை செய்யும். அது இருப்பவருக்கு 28 நாளில் திடீரென்று நிறுத்தினால் கல்லீரல் பாதிக்கலாம். நண்பரிடம் கடன் வாங்கி விழுங்குகிற மருந்து இல்லை இது.

எங்கே கேட்பது? மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் எச்.ஐ.வி.க்கு மருந்து கொடுக்கும் ஏ.ஆர்.டி. மையத்திலோ, இரவு என்றால் அவசரச் சிகிச்சைப் பிரிவிலோ கேளுங்கள். ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: அரசு ஏற்பாட்டில் இந்த மருந்து முக்கியமாக ஊசி குத்திக்கொண்ட மருத்துவப் பணியாளர்களுக்கும், பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கும் என்று வைக்கப்பட்டது. இருவரும் விரும்பி நடந்த உறவுக்கு, தனியார் மருத்துவரிடம் சீட்டு வாங்கிக் காசு கொடுத்து வாங்க வேண்டி வரலாம். எங்கே போவதென்று தெரியாவிட்டால் 1097 என்ற இலவச எண்ணில் கேட்கலாம். தமிழில் பேசுவார்கள்.

72 மணி நேரம் தாண்டிவிட்டது. இனி?

இனி மருந்து இல்லை, டெஸ்ட்தான். பதறி ஓட வேண்டிய கட்டம் முடிந்துவிட்டது. காலண்டரில் அந்த தேதியைக் குறித்து வையுங்கள். இனி வரும் கேள்விகளுக்கெல்லாம் அந்த தேதிதான் ஆதாரம்.

ஒரே ஒரு தடவைதான் மேடம். அதிலேயே வந்திருக்குமா?

ஒரே தடவையில் வரலாம். வராமல் போகத்தான் வாய்ப்பு மிக மிக அதிகம். இரண்டும் உண்மை.

கணக்காகவே பார்ப்போம். உங்களோடு இருந்தவருக்கு எச்.ஐ.வி. இருக்கிறது, அதற்கான மாத்திரையும் சாப்பிடவில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்படிப்பட்ட 10,000 உறவுகளில், பெண்ணுறுப்பு வழியாக உறவுகொண்ட ஆணுக்குச் சுமார் 4 தடவை தொற்றுகிறது. பெண்ணுக்குச் சுமார் 8. ஆசனவாய் வழியாக என்றால் செய்கிறவருக்கு 11, ஏற்றுக்கொள்கிறவருக்கு 138. ஆசனவாயின் உட்சவ்வு மெல்லியது, சீக்கிரம் கிழியும். அதனால்தான் அந்தப் பெரிய வித்தியாசம். போதை ஊசியைப் பங்கு போட்டால் 63.

இதெல்லாம் அவருக்குக் கிருமி இருந்தால். இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. இந்தியாவில் பெரியவர்களில் 1,000 பேருக்கு 2 பேர் அளவில்தான் எச்.ஐ.வி. இருக்கிறது. பாலியல் தொழில் செய்யும் பெண்களிடையே நூற்றுக்கு 2 பேர் என்ற அளவு. அதிலும் பலர் மாத்திரை சாப்பிட்டுக் கிருமியை அடக்கி வைத்திருப்பவர்கள். லாட்ஜுக்கு ஒரு தடவை போய் வந்துவிட்டு ஆறு மாதம் தூங்காமல் இருக்கும் இளைஞருக்கு நான் இந்தப் பெருக்கலைப் பேப்பரில் போட்டுக் காட்டுவேன்: நூற்றுக்கு 2, அதைப் பத்தாயிரத்துக்கு 4 ஆல் பெருக்கினால் பத்து லட்சத்துக்கு 8.

சராசரி என்பது சராசரிதான். அவருக்கு அண்மையில் தொற்றியிருந்தாலோ, இருவரில் ஒருவருக்குப் புண் இருந்தாலோ வாய்ப்பு கூடும். பத்து லட்சத்தில் அந்த எட்டுப் பேரும் மனிதர்கள்தான். அதனால் கணக்கைக் காட்டிய பிறகும் “டெஸ்ட் எடுத்துவிடுங்கள்” என்றுதான் அனுப்புவேன்.

முத்தம், வாய்வழி உறவு, கையால் செய்தது, சவரக்கத்தி, கொசு...?

வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். முத்தத்தில் வராது. கையால் செய்ததில் வராது. கொசுவால் வராது, கொசுவின் உடம்பில் இந்தக் கிருமி பெருகுவதில்லை, வயிற்றிலேயே செரித்துப் போய்விடும். ஒரே தட்டில் சாப்பிட்டால், ஒரே கழிப்பறைக்குப் போனால் வராது. சலூனில் ஒவ்வொருவருக்கும் புது பிளேடு போடுகிறார்கள். அதைக் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள், போதும். வாய்வழி உறவில் வாய்ப்பு மிகக் குறைவு, ஆனால் வாயில் புண் இருக்கும்போது பூஜ்யம் என்று சொல்ல முடியாது. ஆணுறை கிழிந்திருந்தால் உறை இல்லாததாகவே எண்ணுங்கள்.

மூன்றாம் வாரம் காய்ச்சல் வந்தது, தொண்டை வலிக்கிறது, நாக்கில் வெள்ளையாக இருக்கிறது. எனக்கு வந்துவிட்டதுதானே?

இந்தக் கேள்விக்குத்தான் அந்த அறையில் அதிக நேரம் செலவாகும்.

எச்.ஐ.வி. தொற்றியவர்களில் பலருக்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் காய்ச்சல், தொண்டை வலி, நெறிகட்டுதல், உடம்பில் தடிப்பு வருவது உண்மை. நெட்டில் தேடினால் இதுதான் முதலில் வரும். ஆனால் இந்த நான்கும் சாதாரண வைரஸ் காய்ச்சலுக்கும் வரும், டெங்குவுக்கும் வரும். ஐப்பசி மழையில் தமிழ்நாட்டில் பாதிப் பேருக்கு இருக்கும். மறுபக்கம், எந்த அறிகுறியும் இல்லாமலே தொற்றிவிட்டவர்களும் ஏராளம். வருடக்கணக்கில் ஆரோக்கியமாகத் திரிவார்கள். அறிகுறி இருந்தால் இருக்கிறது என்றும் சொல்ல முடியாது, இல்லாவிட்டால் இல்லை என்றும் சொல்ல முடியாது. பிறகு அதைக் கவனித்து என்ன பயன்?

பயமே சில அறிகுறிகளைக் கொண்டுவரும். தூக்கம் போகும், பசி போகும், எடை குறையும், வயிறு கலக்கும், ராத்திரி வியர்க்கும். கண்ணாடி முன்னால் நின்று நாக்கை நீட்டி டார்ச் அடித்துப் பார்த்தால் யார் நாக்கிலும் வெள்ளை தெரியும். கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா என்று நாளெல்லாம் அமுக்கிப் பார்த்து, அமுக்கியதாலேயே வீங்க வைத்துக்கொண்டு வந்த ஒருவரை நான் மறக்கவில்லை. அவருக்கு நான் சொன்னது: கழுத்திலிருந்து கையை எடுங்கள், நாளை எண்ணுங்கள்.

காய்ச்சல் உண்மையிலேயே கடுமையாக இருந்தால் மருத்துவரிடம் போங்கள். போகும்போது “இன்ன தேதியில் இப்படி ஒன்று நடந்தது” என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவர் எந்த டெஸ்ட் எழுத வேண்டும் என்பது அதனால் மாறும்.

சரி, எத்தனை நாள் கழித்து டெஸ்ட் எடுத்தால் நம்பலாம்?

கிருமி நுழைந்த மறுநாளே டெஸ்டில் தெரியாது. நுழைந்த நாளுக்கும் டெஸ்டில் தெரிகிற நாளுக்கும் நடுவில் ஒரு இடைவெளி உண்டு. மையத்தில் அதை ‘விண்டோ பீரியட்’ என்பார்கள். அதன் நீளம் நீங்கள் எடுக்கும் டெஸ்டைப் பொறுத்தது.

நம்பிக்கை மையத்தில் செய்வது ரேபிட் டெஸ்ட். கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளை இது தேடும். பலருக்கு நான்கு முதல் ஆறு வாரத்தில் தெரிந்துவிடும் என்றாலும், 90 நாள் முடிந்து எடுத்ததையே முடிவான விடையாக வைத்துக்கொள்வோம்.

தனியார் லேப்களில் ‘ஃபோர்த் ஜெனரேஷன்’ அல்லது ‘காம்போ’ என்று கேட்டால் கிடைப்பது எதிர்ப்பொருளோடு பி24 என்ற கிருமியின் புரதத்தையும் சேர்த்துத் தேடும். புரதம் முன்னாலேயே தலை காட்டும் என்பதால் விடை சீக்கிரம் வரும். கையில் நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து லேபில் செய்தால் 45 நாளில் நெகட்டிவ் என்றால் நெகட்டிவ். விரல் நுனியில் குத்தி எடுக்கும் காம்போவுக்கு இது பொருந்தாது. அதற்கு 90 நாள்தான். லேபில் எந்த முறை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கிருமியின் மரபணுவையே தேடும் பி.சி.ஆர். வகை டெஸ்ட் 10 முதல் 33 நாளுக்குள் காட்டிவிடும். விலை அதிகம். கடுமையான காய்ச்சலோடு வந்தவருக்கு மருத்துவரே எழுதினால் எடுங்கள். பயத்தைத் தணிக்க மட்டும் என்றால் வேண்டாம் என்பது என் கருத்து. அதில் நெகட்டிவ் வந்தாலும் 45ஆம் நாளோ 90ஆம் நாளோ மறுபடி எடுக்கத்தான் போகிறீர்கள்.

என் வழக்கமான ஆலோசனை இதுதான்: இப்போது ஒன்று எடுங்கள், முன்பே இருக்கிறதா என்று பார்க்க. 45ஆம் நாள் முடிந்ததும் லேபில் காம்போ, அல்லது 90ஆம் நாள் முடிந்ததும் மையத்தில் இலவச டெஸ்ட். பெப் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு வேறு. மருந்து கிருமியை அடக்கி விடையைத் தாமதப்படுத்தலாம் என்பதால் மருத்துவர் குறித்துக் கொடுக்கும் தேதிகளைப் பின்பற்றுங்கள்.

அப்புறம், வெறும் வயிற்றோடு வர வேண்டியதில்லை. டீ குடித்திருந்தாலும், முந்தின நாள் சரக்கு அடித்திருந்தாலும், ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டிருந்தாலும் விடை மாறாது.

ரிப்போர்ட்டில் 0.27 என்று போட்டிருக்கிறது. அப்படியென்றால் கொஞ்சம் இருக்கிறதா?

இல்லை. இது சதவீதமும் இல்லை, கிருமியின் அளவும் இல்லை. மெஷின் உங்கள் ரத்தத்தில் பார்த்த சமிக்ஞையை ஒரு எல்லைக்கோட்டோடு வகுத்துப் போடும் எண். வழக்கமாக எல்லை 1. அதற்குக் கீழே எதுவானாலும் ‘நான் ரியாக்டிவ்’, அதாவது நெகட்டிவ். 0.09 வந்தவரைவிட 0.27 வந்தவருக்கு ஆபத்து அதிகம் என்றெல்லாம் கிடையாது. போன தடவை 0.15, இந்தத் தடவை 0.27, ஏறுகிறதே என்று வரைபடம் போட்டுக்கொண்டு வந்தவர்கள் உண்டு. ஷேர் மார்க்கெட் இல்லை அது.

எதிர்ப்பக்கமும் சொல்லிவிடுகிறேன். தனியார் லேபில் முதல் டெஸ்ட் ‘ரியாக்டிவ்’ என்று வந்தால் அது இன்னும் பாசிட்டிவ் இல்லை. ஆபத்து குறைவானவர்களிடம் பொய்யாக ரியாக்டிவ் காட்டுவதும் நடக்கிறது. மையத்தில் முதல் கிட் ரியாக்டிவ் காட்டினால் வேறு இரண்டு கிட்களிலும் வைத்துப் பார்த்து, மூன்றும் ஒத்துப்போனால் மட்டுமே பாசிட்டிவ் என்று எழுதுவார்கள். ஒரே ஒரு தாளை நம்பி எந்த முடிவும் எடுத்துவிடாதீர்கள்.

மையத்துக்கு வந்தால் என்ன செய்வார்கள்? பெயர், ஆதார் எல்லாம் கேட்பார்களா?

முதலில் கவுன்சிலர் தனியாகப் பேசுவார். எப்போது, யாரோடு, எப்படி என்று கேட்பார். உங்களை மட்டம் தட்ட இல்லை, எந்த தேதியில் டெஸ்ட் என்று முடிவு செய்ய. சம்மதக் கையெழுத்து வாங்குவார். 18 வயது நிரம்பாதவர் என்றால் பெற்றோர் அல்லது பாதுகாவலர் சம்மதம் தேவை. பெயர், வயது, ஊர், போன் நம்பர் பதிவாகும், பி.ஐ.டி. என்று ஒரு எண் கொடுப்பார்கள். ஆதார் இல்லாமல் வந்து டெஸ்ட் எடுத்துப் போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பிறகு லேப் டெக்னீஷியன் ரத்தம் எடுப்பார். பெரும்பாலும் அன்றே ரிசல்ட். மறுபடி கவுன்சிலர் அறைக்குக் கூப்பிட்டு உங்களிடம் நேரில் சொல்வார். போனில் சொல்ல மாட்டார்கள், உங்கள் அண்ணன் வந்து கேட்டாலும் கொடுக்க மாட்டார்கள். காசு கிடையாது.

2017இல் நிறைவேறி 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் இதையெல்லாம் கட்டாயமாக்கியிருக்கிறது. சம்மதம் இல்லாமல் டெஸ்ட் எடுக்கக் கூடாது. முடிவை வெளியே சொல்லக் கூடாது. எச்.ஐ.வி. இருக்கிறது என்பதற்காக வேலையிலோ பள்ளியிலோ ஆஸ்பத்திரியிலோ ஒதுக்கக் கூடாது.

அங்கே தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிட்டால்?

நியாயமான பயம்தான். சின்ன ஊர்களில் அந்த போர்டுக்குக் கீழே நிற்பதே பெரிய விஷயம். பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்; எந்த மையத்திலும் எடுக்கலாம், உங்கள் தாலுகா என்று விதி இல்லை. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: கர்ப்பிணிகளும், காசநோய்க்கு மருந்து எடுப்பவர்களும் அதே மையத்துக்குத்தான் வருகிறார்கள். அங்கே நிற்கிறவர் எதற்காக நிற்கிறார் என்று யாருக்கும் தெரியாது.

ரத்த தானம் செய்தால் சும்மாவே டெஸ்ட் செய்துவிடுவார்களே, அப்படிச் செய்யலாமா?

தயவுசெய்து செய்யாதீர்கள். தானமாகக் கொடுத்த ரத்தத்தைச் சோதிப்பது உண்மை. ஆனால் விண்டோ பீரியடில் இருக்கும் ரத்தம் சோதனையைத் தாண்டிப் போகலாம். கிருமி உள்ள ரத்தத்தை ஏற்றினால் 10,000 பேரில் 9,000க்கு மேல் தொற்றிவிடும். மேலே சொன்ன 4, 8, 11 என்ற எண்களோடு இதை வைத்துப் பாருங்கள். 2018 டிசம்பரில் சாத்தூரில் ஒரு கர்ப்பிணிக்கு அப்படி ரத்தம் ஏற்றப்பட்ட செய்தி தமிழ்நாட்டையே உலுக்கியது.

அடுத்த மாதம் துபாய் வேலைக்கு மெடிக்கல் இருக்கிறது. என்ன செய்வது?

வளைகுடா நாடுகளுக்கான மெடிக்கலில் எச்.ஐ.வி. டெஸ்ட் உண்டு. பாசிட்டிவ் என்றால் ‘அன்ஃபிட்’தான். இங்கே உள்ள சட்டம் அங்கே செல்லாது. ஏஜென்டுக்குப் பணம் கட்டும் முன்பே, வட்டிக்கு வாங்கும் முன்பே மையத்தில் ஒரு டெஸ்ட் எடுத்துவிடுங்கள். மெடிக்கல் சென்டரில் கவுன்சிலர் யாரும் எதிரே உட்கார்ந்து பேச மாட்டார். ஒற்றை வார்த்தையில் வாழ்க்கை முடிந்ததாக நினைத்துக்கொண்டு அங்கிருந்து நேராக எங்கள் அறைக்கு வந்தவர்களைத் தேற்றுவதுதான் கஷ்டம்.

விடை தெரியும்வரை மனைவியோடு எப்படி இருப்பது? சொல்லியே ஆக வேண்டுமா?

முடிவு வரும்வரை உறை போடுங்கள், இல்லையென்றால் விலகி இருங்கள். தொற்றிய முதல் வாரங்களில் ரத்தத்தில் கிருமி மிக அதிகமாக இருக்கும். மற்றவருக்குக் கடத்தும் வாய்ப்பும் அப்போதுதான் அதிகம். “திடீரென்று உறை போட்டால் சந்தேகப்படுவாளே” என்பார்கள். சந்தேகம் வரலாம். கிருமி வருவதைவிட அது பரவாயில்லை.

நடந்ததைச் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் குடும்ப விஷயம். நெகட்டிவ் என்று முடிந்துவிட்டால் அதில் நான் தலையிடுவதில்லை. பாசிட்டிவ் என்றால் அது உங்கள் விஷயம் மட்டும் இல்லை. அவரும் டெஸ்ட் எடுக்க வேண்டும். நீங்களே சொல்வதற்குக் கவுன்சிலர் உதவுவார், வேண்டுமானால் கூட உட்காருவார். உங்களோடு பேசாமல், உங்களுக்குத் தெரிவிக்காமல் வீட்டுக்குப் போன் போகாது.

இதை எழுதும்போது ஒன்று நினைவுக்கு வருகிறது. கைகால் நடுங்க வந்த ஆண்களில் பெரும்பாலோர் நெகட்டிவோடு திரும்பிப் போனார்கள். கர்ப்பகாலப் பரிசோதனைகளில் ஒன்றாக டெஸ்ட் எடுத்து, எந்தப் பயமும் இல்லாமல் வெளியே பெஞ்சில் வளையலைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண்களில் சிலருக்குத்தான் நான் பாசிட்டிவ் என்று சொல்ல வேண்டியிருந்தது. கணவரைத் தவிர வேறு ஆளைத் தெரியாதவர்கள் அவர்கள்.

பெண்கள் வேறு எதையாவது கவனிக்க வேண்டுமா?

கர்ப்பம். அவசரக் கருத்தடை மாத்திரைக்கும் 72 மணி நேரம்தான் வழக்கமான கணக்கு, அதுவும் சீக்கிரம் போட்டால்தான் நல்லது. தமிழ்நாட்டில் பல மருந்துக்கடைகளில் இந்த மாத்திரை வைப்பதில்லை. நாலு கடை அலைவதற்குப் பதில் மகப்பேறு மருத்துவரிடம் போய்விடுங்கள்.

விருப்பமில்லாமல், வற்புறுத்தி நடந்தது என்றால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அரசோ தனியாரோ, இலவசமாக முதலுதவியும் சிகிச்சையும் கொடுக்க வேண்டியது சட்டம். போலீஸில் புகார் கொடுத்துவிட்டு வா என்று திருப்பி அனுப்பக் கூடாது. பெப் மருந்தைக் கேட்டு வாங்குங்கள். 181 என்ற பெண்கள் உதவி எண்ணிலும் கூப்பிடலாம்.

எச்.ஐ.வி. மட்டும் பார்த்தால் போதுமா?

போதாது. எச்.ஐ.வி.யைவிடச் சுலபமாகத் தொற்றும் நோய்கள் இருக்கின்றன, அவற்றைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை. சிபிலிஸ் என்ற மேகநோய், வெட்டை என்று ஊரில் சொல்லும் கொனோரியா, முன்பு சொன்ன மஞ்சள் காமாலை பி, அதாவது ஹெபடைடிஸ் பி. முதல் இரண்டும் சரியான மருந்தில் குணமாகிவிடும். மூன்றாவதற்குத் தடுப்பூசி உண்டு. போடாதவர்கள் உறவு நடந்த உடனே போட்டுக்கொண்டாலும் பலன் இருக்கும். சிறுநீர் எரிச்சல், சீழ், பிறப்புறுப்பில் புண் எது இருந்தாலும் அரசு ஆஸ்பத்திரியின் சுகவாழ்வு மையத்தில் காட்டுங்கள். சிபிலிஸ் புண் வலிக்காது, தானாக ஆறியும் போகும். ஆறிவிட்டது என்று விட்டுவிடுவதுதான் அதில் உள்ள ஆபத்து.

நான்கு தடவை நெகட்டிவ் வந்துவிட்டது. ஆனாலும் நம்ப முடியவில்லை.

90 நாளுக்குப் பிறகு எடுத்ததில் ஒன்றாவது இருக்கிறதா? இருந்தால் விஷயம் முடிந்தது. ஐந்தாவது டெஸ்ட் வேறு எதையும் சொல்லப் போவதில்லை. “எனக்கு மட்டும் லேட்டாகக் காட்டுமோ”, “லேபில் சாம்பிள் மாறியிருக்குமோ”, “புது வகைக் கிருமியோ” என்று கேள்வி வந்துகொண்டே இருக்கும். இதற்கெல்லாம் விடை சொல்லிச் சொல்லி நான் கற்றுக்கொண்டது, விடை சொன்னால் அடுத்த கேள்வி பிறக்கும் என்பதுதான்.

இப்படி வருகிறவர்களிடம் பேசிப் பார்த்தால் பயம் கிருமியைப் பற்றியதாகவே இருக்காது. கல்யாணம் நிச்சயமாகியிருக்கும். அல்லது சபரிமலைக்கு மாலை போட வேண்டிய மாதமாக இருக்கும். அல்லது அம்மா முகத்தைப் பார்க்க முடியவில்லை என்பார்கள். செய்த தப்புக்குத் தண்டனை வந்தே தீரும் என்று மனசு ஒரு தீர்ப்பு எழுதிவிட்டது; டெஸ்ட் ரிப்போர்ட் அதற்கு ஒத்துவரவில்லை, அதனால் ரிப்போர்ட் தப்பு. ஆனால் கிருமிக்கு இந்த நியாய அநியாயம் தெரியாது. வளையலைத் திருகிக்கொண்டிருந்த அந்தப் பெண்கள் என்ன தப்பு செய்தார்கள்?

தூக்கம், வேலை, சாப்பாடு எல்லாம் கெட்டு மாதக்கணக்கில் இப்படியே போனால் அதற்கும் சிகிச்சை இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் பேசலாம், தமிழில். சாகத் தோன்றுகிறது என்றால் இன்றே, இப்போதே பேசுங்கள். ரிசல்ட் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

பாசிட்டிவ் என்றே வந்துவிட்டால்?

உங்கள் தலைக்குள் இருக்கும் எச்.ஐ.வி. 1990களின் எச்.ஐ.வி. எலும்பும் தோலுமான உடம்பு, மண்டை ஓடு போட்ட சுவரொட்டி. அதை முதலில் கிழித்துப் போடுங்கள்.

இந்தியாவில் இது முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டது நம் ஊரில்தான். 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் பாலியல் தொழிலாளர்களின் ரத்த மாதிரிகளைச் சேகரித்தார்கள். சென்னையில் அதற்கு வசதி இல்லாததால் வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோய்ச் சோதித்தார்கள். அப்போது கொடுப்பதற்குக் கையில் மருந்து இல்லை. 2004 ஏப்ரல் 1 முதல் அரசு கூட்டு மருந்தை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. தாம்பரம் சானடோரியம் ஆஸ்பத்திரி முதலில் தொடங்கிய இடங்களில் ஒன்று. முன்பு நோய் எதிர்ப்புக்கான சி.டி.4 அணுக்கள் குறையும்வரை காத்திருந்து மருந்து கொடுத்தார்கள். 2017 முதல் அதுவும் இல்லை. பாசிட்டிவ் என்றால் எண்ணிக்கை எதுவானாலும் மருந்து தொடங்கிவிடலாம்.

இன்று தினம் ஒரு மாத்திரை. பெப் கேள்வியில் சொன்ன அதே மூன்று மருந்து. சில மாதங்களில் ரத்தத்தில் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு இறங்கிவிடும். அப்படி இறங்கியே இருக்கும்வரை உறவின் மூலம் அடுத்தவருக்குப் போகாது. ஐரோப்பாவில் ஒருவருக்கு மட்டும் எச்.ஐ.வி. உள்ள ஆண் ஜோடிகளை வைத்து நடந்த பார்ட்னர் ஆய்வில், உறை இல்லாமல் நடந்த 76,000க்கு மேற்பட்ட உறவுகளில் ஒன்றில்கூட மாத்திரை சாப்பிட்ட துணையிடமிருந்து தொற்றவில்லை. 2019இல் வெளியான முடிவு அது. குழந்தை பெறலாம், சிகிச்சை இல்லாவிட்டால் தாயிடமிருந்து குழந்தைக்கு 15 முதல் 45 சதவீதம்வரை போகும், சிகிச்சையில் அது 5 சதவீதத்துக்குக் கீழே. சீக்கிரம் மருந்து தொடங்கி ஒழுங்காகச் சாப்பிடுகிறவர்கள் மற்றவர்களைப் போலவே வயதாகி, சர்க்கரை, பிரஷர் என்று மற்ற மாத்திரைகளையும் சேர்த்து வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

குணமாகிவிடாது, மாத்திரை வாழ்நாள் முழுக்க. நிறுத்தினால் கிருமி திரும்ப ஏறும். அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

பரம்பரை வைத்தியர் ஒருவர் மாதம் ஒரு தடவை லாட்ஜில் தங்கிப் பார்க்கிறார். நாற்பத்தெட்டு நாளில் போக்கிவிடுவேன் என்கிறாரே?

போகாது. காசுதான் போகும். அந்த 48 நாளில் ஏ.ஆர்.டி. மாத்திரையை நிறுத்தச் சொன்னால் உயிரும் போகலாம்.

இனிமேல் பயமில்லாமல் இருக்க என்ன வழி?

உறை. அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசமாகவே பெட்டியில் வைத்திருக்கிறார்கள். அடிக்கடி இப்படிப்பட்ட சூழ்நிலை வருகிறவர்களுக்கு ‘பிரெப்’ என்று முன்கூட்டியே சாப்பிடும் மாத்திரையும் உண்டு. மருத்துவர் சீட்டு வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒரு முறை டெஸ்ட் வேண்டும். எச்.ஐ.வி.யைத் தடுக்கும், சிபிலிஸைத் தடுக்காது.

எந்த நேரத்தில் வரலாம்?

காலையில், புறநோயாளிகள் பிரிவு நடக்கும்போது வாருங்கள். திங்கட்கிழமை கூட்டம் அதிகம். புதன், வியாழன் என்றால் நிதானமாகப் பேசலாம். கேட்டில் இருப்பவரிடம் எச்.ஐ.வி. என்று சொல்ல வேண்டியதில்லை, “நம்பிக்கை மையம் எந்தப் பக்கம்” என்றால் கையைக் காட்டுவார். தேதியை மட்டும் ஒரு சீட்டில் எழுதிக் கொண்டு வாருங்கள். உள்ளே வந்து உட்கார்ந்ததும் பலருக்கு அது மறந்துபோகும்.